மாயா காமத்தின் கருத்துப்படங்கள்: அகம், புறம் என்னும் பகுப்பு

இந்திய இதழியலில் கருத்துப்படத்தின் வரலாறு சங்கர், ஆர்.கே. லட்சுமண், அபு ஆபிரகாம் எனப் பெரும்பாலும் ஆண்களின் பெயர்வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பெங்களூரில் வாழ்ந்து வரைந்த மாயா காமத் (1951–2001) அவ்வரிசையில் சேர்க்கப்படும்பொழுதும் ‘பெண் ஓவியர்’ என்னும் அடைமொழியுடனேயே சேர்க்கப்படுகிறார். பாராட்டுப்போலத் தோன்றும் இவ்வடைமொழி, படைப்பை உற்றுநோக்கும் கடமையிலிருந்து திறனாய்வாளரை எளிதாக விடுவித்துவிடுகிறது.

1985இல் டெக்கான் ஹெரால்டு நாளிதழில் வெளிவந்த ‘கீதா’ என்னும் படத்தொடரே மாயாவை அறிமுகப்படுத்தியது. குடும்ப வாழ்வின் அன்றாடங்களே அதன் பொருள். பின்னர் ஈவினிங் ஹெரால்டு, ஏசியன் ஏஜ் முதலிய இதழ்களில் அவர் அரசியல் கருத்துப்படங்கள் வரைந்தார். இதனை வீட்டிலிருந்து நாட்டிற்கு, சிறியதிலிருந்து பெரியதற்கு உயர்ந்த வளர்ச்சியாகக் கொள்ளுதல் எளிது, ஆயின் பொருந்துவதன்று.

தமிழ் மரபில் அகத்திணை மாந்தர்க்கு இயற்பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெயரும் புகழும் புறத்திற்கு உரியன. நாளிதழ்ப் பக்கத்திலோ இம்முறை தலைகீழாகிறது. லட்சுமண் 1951 முதல் வரைந்த ‘பொதுமனிதன்’ பெயரற்றவன். கட்டமிட்ட கோட்டும் வேட்டியும் அணிந்து, வாய் திறவாமல் நாட்டைப் பார்த்து நிற்பவன். பெயரின்மையே அவனை எல்லார்க்கும் உரியவனாக்கியது. ஆனால் ‘எல்லார்’ என்னும் அவ்வுரு ஆணுருவாகவே அமைந்ததை எவரும் புதுமையாகக் கருதவில்லை. கீதாவுக்கோ பெயர் உண்டு, வீடு உண்டு. அதனாலேயே அவள் கதை ‘குடும்பப் பகுதி’ ஆயிற்று. பெயரற்றவன் குடிமகன், பெயருடையவள் இல்லத்தாள் என்னும் இப்பகுப்பே மாயாவின் பணியை இரண்டாகப் பிளந்து காட்டுகிறது. அவர் கையோ ஒன்றுதான்.

பம்பாயில் மஞ்சுளா பத்மநாபன் 1982இல் சண்டே அப்சர்வரில் தொடங்கிய ‘சுகி’யும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கலைந்த தலைமுடியும் தனித்த வாழ்வும் உடைய சுகி, குடும்பப் பகுதிக்குள்ளும் அடங்காதவள். ஆசிரியர் நாடக ஆசிரியராக அறியப்பட்ட அளவுக்குச் சுகி பேசப்படவில்லை. அமெரிக்காவிலும் நிலைமை வேறன்று. 1940இல் ‘பிரெண்டா ஸ்டார்’ படத்தொடரைத் தொடங்கிய டாலியா மெசிக், பதிப்பாசிரியர்கள் பெண்ணின் படைப்பைப் புறக்கணித்தமையால் ‘டேல்’ என்று ஆணுக்கும் பொருந்தும் பெயரை ஏற்றார். மாயா தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை என்பது சிறு செய்தியன்று.

நாளிதழ்ச் சித்திரத்தின் ஆயுள் ஒரு நாள். தமிழ் எழுத்தாளர் அம்பை (சி.எஸ். லக்ஷ்மி) 1988இல் பிறருடன் இணைந்து மும்பையில் நிறுவிய ஸ்பாரோ ஆவணக்காப்பகம் மாயாவின் சித்திரங்களைப் பெற்றுக் காத்துவருகிறது, அவற்றைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டது. ஓவியக்கூடமோ பத்திரிகை நிறுவனமோ அன்றிப் பெண்வரலாற்றுக்கான காப்பகமே அவற்றைத் தேடிப் பெற்றது என்பது நோக்கற்பாலது. தமிழ் வார இதழ்களுக்குப் பெண்கள் வரைந்த துணுக்குப் படங்கள், கோலங்கள், கதைச் சித்திரங்கள் ஆகியவற்றைத் தேட முனைவோர் தொடங்க வேண்டிய இடமும் அச்சிட்ட பக்கமன்று; வரைந்தவர் வீட்டுப் பெட்டியே.