ஆக்சிலேட்டருக்குள் உப்பு

குமரி மாவட்டத்தில் ராஜாக்கமங்கலம், மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று மேற்குக் கடற்கரைச் சாலையிலேயே தினமும் ஓடும் பேட்டரி ஸ்கூட்டரின் முன்மூடியைச் சில மழைக்காலங்களுக்குப் பிறகு கழற்றிப் பாருங்கள். ஹேண்டில் பாரிலிருந்து இறங்கும் ஒயர்கள் சேருகிற கப்ளர்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். பிரேக் லீவரின் திருகாணி துருவேறி ஸ்பேனருக்கு மசியாது. ஹாரன் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் ஒரு தடவை சத்தம் வரும். பேட்டரியும் மோட்டாரும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் வண்டியை நம்பி ரோட்டில் இறங்க முடியாது.

என் வண்டிக்கு வந்த கோளாறு இப்படி: பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினாலும் பாதி வேகம்தான். புறப்படும்போது வெட்டி வெட்டி இழுக்கும். மழை பெய்த மறுநாள் காலையில், கையை எடுத்த பிறகும் வண்டி முன்னே நகரப் பார்க்கும். முதல் இரண்டையும் சகித்துக்கொண்டு ஓட்டலாம். மூன்றாவது உயிர்ப் பிரச்சினை. வாங்கிய இடத்தில் கேட்டபோது ஆக்சிலேட்டர், சுவிட்ச், லீவர் எல்லாம் சேர்த்து முழு செட்டாகத்தான் மாற்ற முடியும் என்றார்கள். விலை இரண்டாயிரத்துக்கு மேல், சரக்கு வர நாளாகும். அதனால் வெளிக்கடையில் கிடைக்கும் பொது ரக ஆக்சிலேட்டரை வாங்கிப் பொருத்தினேன். பழையதையும் தூக்கிப் போடாமல் பிரித்துச் சரிசெய்தேன். இரண்டையும் ஓட்டிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹப் மோட்டாரும் தனிக் கன்ட்ரோலரும் உள்ள சாதாரண ஸ்கூட்டர்களுக்கு இது பொருந்தும். ஏத்தர், ஓலா, ஐக்யூப் போல மென்பொருளால் எல்லாம் பிணைந்த வண்டிகளுக்குப் பொருந்தாது. அவற்றை நிறுவன சர்வீஸில் விடுவதுதான் சரி. வாரண்டி மிச்சமிருக்கும் எந்த வண்டியையும் வீட்டில் பிரிக்க வேண்டாம்.

பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஒரு கேபிள் இழுபடும். பேட்டரி வண்டியில் இழுபட ஒன்றுமில்லை. திரும்பும் உறைக்குள் வளைந்த காந்தம் ஒன்று இருக்கும். அதற்கு எதிரே அசையாமல் ஒரு சின்ன ஹால் சென்சார். 1879இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கண்டுபிடித்த விளைவுதான் இதன் அடிப்படை: மின்சாரம் பாயும் பொருளுக்குக் குறுக்கே காந்தப்புலம் வந்தால் பக்கவாட்டில் ஒரு மின்னழுத்தம் தோன்றும். கை திரும்பத் திரும்ப காந்தம் நகரும், சென்சார் வெளியிடும் வோல்ட் மாறும். கன்ட்ரோலர் அந்த எண்ணைப் படித்து மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது. சென்சாருக்கு மூன்று ஒயர்கள்: சிவப்பில் சுமார் 5 வோல்ட் வரும், கறுப்பு கிரவுண்டு, மூன்றாவது சிக்னல். கையை எடுத்த நிலையில் சிக்னல் 0.8, 0.9 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். முழுக்க முறுக்கினால் மூன்றரைக்கு மேல் போக வேண்டும். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் 1 வோல்ட்டைத் தாண்டியதும் வண்டியை நகர்த்தத் தொடங்கிவிடும். அதாவது அரை வோல்ட் கூட இல்லாத ஓர் இடைவெளிதான், நிற்கும் வண்டி தானாக நகராமல் காக்கிறது.

அந்த இடைவெளியைத்தான் உப்பு தின்கிறது. கடற்காற்றில் வரும் உப்புத் துகள் ஒயர் இணைப்புகளில் படியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும்; மழை பெய்யவே வேண்டியதில்லை. குமரி மாவட்டக் கரையோரத்தில் 75 என்பது அபூர்வமான அளவு அல்ல. தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் பெரும்பாலும் ஒரு பருவமழைதான் கனமாகப் பெய்யும். இங்கே தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கரைந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். சிவப்பு முனையிலிருந்து சிக்னல் முனைக்குச் சிறிது கசிந்தாலே போதும், 0.9 வோல்ட் 1.2 ஆகிவிடும். வண்டி நகரும்.

கோட்டாறு பக்கம் பேட்டரி வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு தம்பி இருக்கிறார். அவர் சொன்னது அப்படியே மனதில் நிற்கிறது: "அண்ணாச்சி, செவப்பு ஒயரு அத்துச்சுன்னா வண்டி நின்னுரும், அவ்வளவுதான். கறுப்பு அத்துச்சுன்னா சீறிட்டுப் போயிரும், பாத்துக்கிடுங்க." உண்மைதான். கிரவுண்டு அறுந்தால் சென்சாரின் சிக்னல் மேலே ஏறிவிடும். முழுக்க முறுக்கியதாக நினைத்துக் கன்ட்ரோலர் ஓடவிடும். நல்ல கன்ட்ரோலர் இதைக் கோளாறு என்று கண்டுபிடித்து நிறுத்தும். மலிவான கன்ட்ரோலரை நம்ப முடியாது. ஹேண்டிலை இடதும் வலதும் திருப்பும்போது ஒயர் இழுபடுகிற இடத்தில்தான் அறுப்பு வரும் என்பதால், அந்த இடத்தை விரலால் மடக்கிப் பார்ப்பதை நான் இப்போது பஞ்சர் பார்ப்பதுபோல வழக்கமாக்கியிருக்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்த வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கப்ளரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் சீட்டுக்கடியில் உள்ள எம்சிபி மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும். வோல்ட் பார்க்கும்போது மட்டும் ஏற்றலாம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். என் வண்டியில் சிவப்பு ஒயர், கன்ட்ரோலர் பக்கம் 4.3 வோல்ட் காட்டியது. கப்ளரைத் தாண்டி ஹேண்டில் பக்கம் 3.1 மட்டும்தான். இந்த சென்சார் தனக்குக் கிடைக்கும் வோல்ட்டின் விகிதத்தில்தான் சிக்னல் தரும். சாப்பாடு குறைந்ததால் முழு முறுக்கிலும் சிக்னல் ஏறவில்லை. மேம்பாலத்தில் வண்டி திணறியதற்குக் காரணம் மோட்டார் அல்ல, களிம்பேறிய ஒரு முனை. கப்ளரை வெட்டி எறிந்து புதியது போட்டதும் வேகம் திரும்பியது, நகரும் கோளாறும் நின்றது. புது கப்ளரின் விலை ஒரு சாயாவும் பழம்பொரியும் சாப்பிடுகிற காசு. ஹேண்டில் பாரில் எதை மாற்றுவதானாலும் முதலில் கப்ளரைப் பாருங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். செட்டை மாற்றிவிட்டுப் பழைய கப்ளரிலேயே குத்திக்கொடுத்தால் அடுத்த மழையில் அதே கோளாறு திரும்ப வரும்.

வெட்டி வெட்டி இழுப்பது மட்டும் போகவில்லை. அது ஆக்சிலேட்டருக்குள்ளேயே இருந்த கோளாறு.

பொது ரக ஆக்சிலேட்டர் 500 ரூபாய்க்குள் கிடைத்தது. ஹேண்டில் குழாய் 22 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய எல்லா வண்டிக்கும் பொது என்பதால் உள்ளே போவதில் சிரமமில்லை. பழைய கிரிப்பைக் கழற்றப் பஞ்சர் கடைக் காற்றை இடுக்கில் பிடித்தால் தானே நழுவி வரும். கத்தியால் கிழிக்க வேண்டாம். பொருத்தும்போது சோப்புத் தண்ணீர் தடவுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், பிறகு கிரிப் கையோடு சுழலும். மொபைல் ரிப்பேர் கடைகளில் பயன்படுத்தும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். முனையில் மாட்டும் எடைக்கட்டிக்கும் உறைக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். இரண்டும் உரசினால் முறுக்கிய ஆக்சிலேட்டர் திரும்பாமல் சிக்கிக்கொள்ளும்.

அளந்து பார்த்ததில் ஓய்வில் 0.86 வோல்ட், முழு முறுக்கில் 3.7. நல்ல எண்கள். ஓட்டத்தில் குணம் வேறு. முதல் கால்பங்கு திருப்பில் ஒன்றும் நடக்காது; பிறகு ஏற்றம் சீராக வருகிறது. வடசேரி பஸ் ஸ்டாண்டு முன்னால், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் அங்குலம் அங்குலமாக நகர வேண்டிய இடத்தில் இந்த வெற்றுத் திருப்பு எனக்குப் பிடித்தது; கை தவறிப் பட்டாலும் வண்டி துள்ளவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவில் ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போதுதான் குறை தெரிந்தது. திருப்பு நீளம் அதிகம், ஸ்பிரிங்கும் விறைப்பு. வேகத்தைப் பிடித்து வைத்திருக்க மணிக்கட்டு வலிக்கிறது. பழைய ஆக்சிலேட்டரின் ஸ்பிரிங் இதைவிட மென்மை. ஆனால் விறைத்த ஸ்பிரிங் கையை விட்டதும் சட்டென்று பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. ஸ்பிரிங்கை மட்டும் வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் விறைப்பையே எடுப்பேன்.

பொது ரக ஆக்சிலேட்டரோடு சேர்ந்து வரும் மூன்று வேகச் சுவிட்சும் ரிவர்ஸ் பொத்தானும் தரமில்லை. ஒயர் மெலிது, நிறங்களுக்கும் ஒழுங்கில்லை. ஒரு தயாரிப்பில் பச்சை சிக்னல் என்றால் இன்னொன்றில் வெள்ளை. நிறத்தை நம்பி இணைக்காமல் மீட்டர் வைத்துப் பார்த்து இணைக்க வேண்டும். சில கடைகளில் "ஸ்பீடு லிமிட் ஒயர எடுத்து விட்டுரட்டா?" என்று கேட்பார்கள். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருப்பதால்தான் சில வண்டிகளுக்குப் பதிவும் லைசென்சும் தேவையில்லை. அந்த ஒயரைத் தொட்டால் அது பதிவில்லாத மோட்டார் வாகனம். பள்ளிப் பிள்ளைகள் ஓட்டும் வண்டியில் இதைச் செய்பவர்களை நினைத்தால் கோபம் வருகிறது.

பிரேக் லீவரில் பொது ரகத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். லீவரைப் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் அதற்குள் இருக்கிறது. சில கன்ட்ரோலர்களில் அந்த ஒயரைக் கிரவுண்டோடு சேர்த்தால் மோட்டார் நிற்கும். சிலவற்றில் பிரேக் விளக்குக்குப் போகும் 12 வோல்ட் வந்தால்தான் நிற்கும். இரண்டும் மாறிப்போனால் கன்ட்ரோலரே போய்விடலாம். ஆக்சிலேட்டர் சிக்கும் நாளில் நமக்கு மிஞ்சும் கடைசிப் பாதுகாப்பு இந்தச் சுவிட்ச்தான். இதற்கு நிறுவனப் பாகத்தையே, காத்திருந்தாவது, வாங்குங்கள். பின்சக்கரம் தூக்கிய நிலையில் மெதுவாகச் சுழலவிட்டு இரண்டு லீவரையும் தனித்தனியே பிடித்து, இரண்டிலும் மோட்டார் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

பழைய ஆக்சிலேட்டரைப் பிரித்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பிளாஸ்டிக் உறையைத் திறந்தால் சென்சாரின் மூன்று கால்களில் ஒன்று களிம்பேறிச் சால்டரிங் விட்டிருந்தது, அதுதான் வெட்டல். 49இ என்ற எண்ணுள்ள சென்சார் எலக்ட்ரானிக்ஸ் கடையில் இருபது முப்பது ரூபாய். முகம் மாறாமல் வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் காந்தத்தின் மற்ற துருவம்போலப் படித்து, கையை எடுத்த நிலையிலேயே 4 வோல்ட் காட்டும். வண்டியில் மாட்டும் முன் மேசையிலேயே 5 வோல்ட் கொடுத்து அளப்பது அதற்காகத்தான். சால்டரிங் முடிந்ததும் கால்கள் மேல் எபாக்சி ஊற்றி மூடினேன். அதில் ஈரம் புக வழியில்லை.

பிரித்த காந்தத்தைக் கடற்கரை வீட்டு முற்றத்தில் வைக்காதீர்கள். மணவாளக்குறிச்சிக் கருமணலில் உள்ள இல்மனைட் வலுவான காந்தத்தில் ஒட்டும். அங்குள்ள ஐஆர்இஎல் ஆலையில் மணலைப் பிரிக்கக் காந்தங்களும் பயன்படுகின்றன. 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க், இந்தப் பகுதியிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட் என்ற கனிமத்தை அடையாளம் கண்டார். மின் வாகன மோட்டார்களின் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் அந்த மோனசைட்டில் இருக்கிறது. அதைத் தோண்டுவதைப் பற்றி மீனவ ஊர்களுக்கு நியாயமான கவலைகள் உண்டு. மண்ணிலிருந்து இவ்வளவு பாடுபட்டு வரும் பொருளால் ஓடும் வண்டியின் ஒரு பாகத்தை, ஒரு கால் சால்டரிங் விட்டதற்காகக் குப்பையில் போடச் சொல்லும் விற்பனை முறையை என்னால் ஏற்க முடியவில்லை.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று ஓர் இணையவாயிலும் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் உண்டு. நான் கேட்பது இவ்வளவுதான்: பேட்டரி வண்டி நிறுவனங்கள் சென்சார், கப்ளர், கட்-ஆஃப் சுவிட்ச் மூன்றையும் தனித்தனியே விற்க வேண்டும். எந்த ஒயர் எந்த நிறம் என்று ஒரே ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். சர்வீஸ் சென்டருக்குப் போகிற ஒவ்வொருவரும் இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

புது கப்ளர்களுக்குள் சிலிகோன் கிரீஸ் நிறைய வைத்து, வாய் கீழே பார்க்கும்படி கட்டியிருக்கிறேன். ஒயர் கப்ளருக்கு வரும் முன் ஒரு வளைவு கீழே தொங்கிவிட்டு மேலேறுவதால், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சரிசெய்த பழைய ஆக்சிலேட்டர் மேசையில் 0.9இல் தொடங்கித் தடங்கலில்லாமல் 3.9 வரை ஏறுகிறது. வண்டியில் இப்போது அதுதான் ஓடுகிறது. 500 ரூபாய் ஆக்சிலேட்டர் ஸ்பேராகச் சீட்டுக்கடியில்.