நரைத்த பிறகு ஒரு வண்டி

விடியற்காலையில் பாலக்கோடு தக்காளி மண்டிப் பக்கம் வரும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகளைப் பாருங்கள். ஓட்டி வருபவர்களில் தலை நரைத்தவர்கள் பலர். சைக்கிளையே நம்பியிருந்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு வண்டி பழகியவர்களும் அவர்களில் உண்டு.

அந்த வயதில் பழக இதைவிடத் தோதான வண்டி இல்லை. கியர் கிடையாது, கிளச் பிடிக்க வேண்டாம். ஆக்சிலேட்டரை மெல்லத் திருகினால், சுழலும் வேகத்தில் கிளச் கட்டைகள் தாமே விரிந்து உறையைக் கவ்வும், வண்டி நகரும். இரண்டு காலும் தரையில் ஊன்றும். முன்தட்டில் தக்காளிக் கூடை அசையாமல் நிற்கும். 1980-இல் வந்த ஓசூர்த் தயாரிப்பான டிவிஎஸ் 50-இன் வாரிசு இது, இன்று 99.7 சிசி, நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்.

சட்டமும் வயதை மறிப்பதில்லை. 40 தாண்டினால் மருத்துவச் சான்று. 55-க்கு மேல் 5 ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பித்தல். அவ்வளவுதான்.

ஹெல்மெட் மாட்டி, மாரண்டஅள்ளி சாலையில் நிதானமாகப் போகும் பெரியவரின் ஓட்டத்தில் தனி நேர்த்தி உண்டு. வேகத்தடைக்கு வெகு முன்பே வேகம் தணியும். திருப்பத்துக்கு முன்பே ஹாரன் ஒலிக்கும். பஸ்ஸுக்குக் காத்திராமல், மகனை எதிர்பார்க்காமல், நினைத்த நேரத்தில் தோட்டத்துக்குப் போய்வரும் அந்தச் சுதந்திரத்தை எந்த வயதிலும் பழகிக்கொள்ளலாம்.