உலாவிக்கு உலாவி மாறும் பிழை

ஒரே தமிழ்ச் சொல் ஓர் உலாவியில் சரியாகவும் இன்னொன்றில் சிதைந்தும் தெரிந்தால், சிதைத்துக் காட்டிய உலாவியின் மேல்தான் புகார் எழுதப்படுகிறது. காரணம் பல நேரம் அதற்கும் கீழே, எழுத்துருவிலோ இயங்குதளத்திலோ உள்ளிடப்பட்ட குறிகளிலோ இருக்கும்.

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கோயில் கொண்டிருக்கும் கொளஞ்சியப்பரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். யூனிகோடில் ‘கொ’வை இருவகையாக உள்ளிட முடியும்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே வரலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் வரலாம். திரையில் வேறுபாடு தெரியாது. யூனிகோடு தரமும் இரண்டையும் சமமாகவே கொள்கிறது. ஆனால் தேடும் மென்பொருள் அவற்றைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால், கண்ணெதிரே இருக்கும் பெயர் ‘இல்லை’ என்று விடை வரும். அதே வட்டாரத்து ஸ்ரீமுஷ்ணத்தின் பெயரில் சிக்கல் இன்னும் ஆழமானது. ‘ஸ்ரீ’யை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடு 4.1 சேர்த்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். இவற்றைத் தரம் சமமாகக் கொள்வதில்லை. எந்த வரிசை கூட்டெழுத்தாகத் தெரியும் என்பது எழுத்துருவையும் பொறுத்தது.

இத்தகைய இடத்தில் உலாவிகளை ஒப்பிடுவது நல்ல வடிகட்டி. தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்ட குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுதியையும், சஃபாரி ஆப்பிளின் கோர் டெக்ஸ்ட்டையும் பயன்படுத்துகின்றன. எல்லாவற்றிலும் ஒரேபோல் உடைந்தால் எழுத்துருவைச் சந்தேகிக்கலாம். ஒன்றில் மட்டும் உடைந்தால் தேடும் பரப்பு சுருங்கும்.

ஒப்பீடு ஏமாற்றுவதும் உண்டு. இந்தியாவில் ஐபோனில் ஓடும் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் உள்ளே சஃபாரியின் அடித்தளமான வெப்கிட்டையே கொண்டவை. கணினியில் 2020 ஜனவரி முதல் எட்ஜும் குரோமின் அடித்தளத்துக்கு மாறிவிட்டது. ஆகவே ‘மூன்று உலாவிகளில் பார்த்தாயிற்று’ என்ற அறிக்கை உண்மையில் ஒரே சோதனையாக இருக்கக்கூடும். செயலிகளை ஒப்பிடுவதும் இப்படி ஏமாற்றலாம். 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோனில் வாட்ஸ்அப் உள்ளிட்ட செயலிகளை முடக்கியது. சில செயலிகள் தப்பின. கோளாறு செயலிகளில் இல்லை, இயங்குதளத்தில்தான் இருந்தது. ஆப்பிள் அதை ஐஓஎஸ் 11.2.6இல் சரிசெய்தது.

அறிக்கையைப் பெறுபவர் ‘குரோமில் திறந்து பாருங்கள்’ என்று முடித்துவிடுவது உலாவிகளை ஒப்பிடும் முறையின் மோசமான விளைவு. பிழை அப்படியே கிடக்க, பயனர்தான் இடம் மாறுகிறார். 2022 முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா முதலியன இன்டெராப் திட்டத்தில் பொதுச் சோதனைகளை வைத்து உலாவிகளை ஒத்துப்போகச் செய்துவருகின்றன. ஒரு தமிழ்ப் பிழை அத்தகைய சோதனையாக மாறினால் எல்லா உலாவிகளும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தனித்தனிப் புகார்களுக்கு அந்த வலு இல்லை.

இன்னொரு குறை, அறிவித்தவரே திரும்பிப் பார்க்காதது. கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டுபவர்கள் குறை தீர்ந்ததும் வந்து அதைத் திரும்பப் பெறுகிறார்கள். மென்பொருளில் புதிய பதிப்பு வந்தபின் மீண்டும் சோதித்து அறிக்கையை முடித்துவைப்பவர்கள் அரிது. தீர்ந்த பிழையும் தீராத பிழையும் ஒரே குவியலில் கிடக்கின்றன.

தமிழைப் பொறுத்தவரை பெருங்குறை ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்புவது. படம் சிதைவைக் காட்டும். எந்தக் குறிகள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் காட்டாது. அறிவிப்பவர்கள் படத்தோடு அந்தச் சொல்லையும் நகலெடுத்து ஒட்டி, எழுத்துருவின் பெயரையும் உலாவி, இயங்குதளம் ஆகியவற்றின் பதிப்பு எண்களையும் அவசியம் எழுத வேண்டும்.