கடைக்காரர்களுக்கென்றே ஒரு திருவிழா

கைவினைப் பொருள் கடை வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: எப்பாடுபட்டாவது ஒரு தடவை டெல்லி கண்காட்சிக்குப் போய் வாருங்கள்! கிரேட்டர் நொய்டாவில் உள்ள இந்தியா எக்ஸ்போ மார்ட்டில், வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் ஐஎச்ஜிஎஃப் டெல்லி ஃபேரைத்தான் சொல்கிறேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கான மேளா இல்லை இது. தொழில் விவரம் கொடுத்துப் பதிவு செய்துகொண்டவர்கள் மட்டும் வரலாம். நாடெங்கிலும் இருந்து 3,000க்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்கள் தங்கள் சரக்கில் ஆகச் சிறந்ததை எடுத்து வைத்துக்கொண்டு, கொள்முதல் செய்ய வருகிறவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு கடைக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்!

எனக்குக் கும்பகோணத்தில் கடை. நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகள் பக்கத்திலேயே இருப்பதால் பித்தளை பழகிய பொருள்தான். ஆனாலும் மொராதாபாத்காரர்களின் ஸ்டால்கள் வரிசைக்குள் நுழைந்தபோது அசந்து நின்றுவிட்டேன். ஊரில் ஏஜென்ட் காட்டுவது ஒரு சாம்பிள். அது ஒசத்தியா மட்டமா என்று ஒப்பிட எதுவும் இருக்காது. இங்கே ஒரே அளவு உருளியை அடுத்தடுத்த ஸ்டால்களில் தூக்கிப் பார்க்கலாம். ஒன்று கனக்கிறது, ஒன்று லேசாக இருக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் வார்ப்பில் விழுந்த பொடித்துளை கண்ணில் படுகிறது. தட்டினால், வார்த்ததற்கு ஓர் ஓசை, தகட்டில் அடித்ததற்கு வேறோர் ஓசை. சாயங்காலத்துக்குள் விலைச் சீட்டைப் பார்க்காமலே தரத்தைச் சொல்லும் அளவுக்குக் கை தேறிவிடுகிறது. எந்த கேட்லாக்கும் இதைக் கற்றுத் தராது.

கேட்கக் கேட்க விவரம் கொட்டுகிறது. ஜெய்ப்பூர் நீலப் பாண்டத்தில் களிமண்ணே கிடையாது! குவார்ட்ஸ் கல் பொடி, கண்ணாடித் தூள், முல்தானி மிட்டி, பிசின் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, அச்சில் எடுத்து, கோபால்ட் ஆக்சைடால் பூ வரைந்து, சூளையில் ஒரே தடவை சுடுகிறார்கள். பீதர் நகரத்து பித்ரி வேலைப்பாடு இன்னும் அதிசயம். துத்தநாகமும் செம்பும் கலந்த பாத்திரத்தில் வெள்ளிக் கம்பியைப் பதித்து, பீதர் கோட்டை மண்ணையும் நவச்சாரத்தையும் கரைத்துத் தேய்க்கிறார்கள். பாத்திரம் மை போலக் கறுத்துவிடும். வெள்ளி மட்டும் பளிச்சென்று நிற்கும். சென்னபட்டணத்துப் பொம்மைக்கு மரம் வெட்பாலை. கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராயும் சூட்டில் அரக்கு உருகி நிறமாக ஏறுகிறது. பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகு கொடுக்கிறார்கள். அந்த வழவழப்பை விட்டு விரலை எடுக்கவே மனம் வரவில்லை.

இதைவிடப் பெரிய சந்தோஷம், செய்கிறவர்களிடமே நேராகப் பேச முடிவது. "இந்தத் தொங்குவிளக்கின் சங்கிலியைக் குட்டையாக்கி, எங்கள் ஊர் பூஜை மாடத்துக்குள் அடங்குகிற மாதிரி செய்து தருவீர்களா?" என்று கேட்டேன். அந்தப் பட்டறைக்காரர் உடனே பேப்பரை எடுத்து வரைந்து காட்டினார். பெரிய ஏற்றுமதியாளர்கள் கன்டெய்னர் கணக்கில் பேசும் இடம்தான். ஆனாலும் சின்னக் கடைக்கு, பல டிசைன்களைக் கலந்து ஒரே லாட்டாகக் கொடுக்க முன்வருகிறவர்களும் இருக்கிறார்கள். தயங்காமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மெட்ரோவின் அக்வா லைனில் நாலெட்ஜ் பார்க் 2 ஸ்டேஷனில் இறங்குங்கள். விசிட்டிங் கார்டு, ஜிஎஸ்டி எண், அளவு டேப் மூன்றும் கையில் இருக்கட்டும். நடை ஏராளம், பழகிய செருப்பே போதும். முதல் நாள் ஆர்டர் கொடுக்காதீர்கள். பார்த்து, தொட்டு, குறித்துக்கொண்டு வாருங்கள். ஆர்டர் கொடுக்கும்போது பேக்கிங், லாரி வாடகை, டெலிவரி தேதி மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் கடைக்கு வந்து "ஏம்மா இவ்வளவு விலை?" என்று கேட்பவர்களிடம், பொருளைக் கையில் கொடுத்து அது உருவான விதத்தைச் சொல்கிறேன். கேட்டு முடித்தவர்கள் பெரும்பாலும் பேரம் பேசுவதில்லை. விற்கிற பொருளை இவ்வளவு தெரிந்துகொண்டு விற்பது எத்தனை பெருமை! அந்தப் பெருமை ஒவ்வொரு சின்னக் கடைக்காரருக்கும் கிடைக்க வேண்டும். அடுத்த ஃபேருக்கு நானும் போகிறேன், நீங்களும் கிளம்புங்கள்!