கோர்வைக் கரை

தாம்பரம் கடைத்தெருவில், ‘கலாக்ஷேத்ரா பார்டர்’ என்று ஒரு சேலையை விரித்தார்கள். மயிலும் யாளியும் கண்ணைப் பறித்தன. புரட்டிப் பார்த்தேன், அத்தனையும் அச்சு!

1937-ல் நெசவுக்கூடம் தொடங்கிய ருக்மிணி தேவியும் பழங்கரைகளிலிருந்து எடுத்தவர்தாம். ஆனால் எடுத்ததைத் தறியிலேயே திருப்பிக் கொடுத்தார். கோர்வைக்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளிக்குப் பக்கத்தில் ஓர் உதவியாள் வேண்டும். உடலையும் கரையையும் இழைக்கு இழை பூட்டுகிற வேலை அது. கரையின் அழகு அந்தப் பூட்டில்தான் இருக்கிறது.

“அசல் நமக்குக் கட்டுப்படியாகுமா?” என்றாள் மனைவி. நியாயந்தான். அச்சுச் சேலை அச்சுச் சேலையாகவே விற்கட்டும், தாராளமாய் வாங்கலாம். தறிக்காரன் சம்பாதித்த பெயர் அதற்கு எதற்கு?

வெறுங்கையோடு திரும்பினோம்.