ஆளி யார் கையில்?

எம் நாட்டு விஞ்ஞானப் பாடநூல்கள் மின்சுவிட்சை 'ஆளி' என அழைக்கின்றன. ஒளியையும் இருளையும் ஆள்வதால் அப்பெயர் பொருத்தமானதே. வீட்டு விளக்கின் ஆளி சுவரில் இருக்கிறது. அதை அழுத்துபவரையும் நாம் காண்கிறோம். இன்றைய மென்பொருள்களுக்குள் இருக்கும் ஆளிகளோ அத்தகையன அல்ல.

மென்பொருள் எழுதுவோர் இவற்றை 'ஃபீச்சர் ஃபிளாக்', அதாவது வசதிக்கொடி, என்பர். முறை எளிது. பழைய செயலும் புதிய செயலும் ஒரே நிரலில் அருகருகே எழுதப்படுகின்றன. கொடி ஏறியிருந்தால் புதியது இயங்கும். இறங்கியிருந்தால் பழையது இயங்கும். நிரலை மீண்டும் எழுதி அனுப்ப வேண்டியதில்லை. நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும், அல்லது ஒரு நாட்டாருக்கு மட்டும் புதியதைத் திறந்து பார்க்கலாம். பிழை கண்டால் கணப்பொழுதில் மூடலாம். இம்முறையை நாம் இகழவில்லை. கோடிப் பேர் தலையில் ஒரே நாளிற் பிழையைச் சுமத்துவதினும், சிலரிடம் சோதித்துத் திருத்துவது நன்றே.

ஆனால் அந்தச் 'சிலர்' யாவர்? அவர்களைத் தெரிந்தவர் யாவர்? பிரச்சினை இங்கேதான் தொழில்நுட்பத்தை விட்டுச் சமுதாயத்துக்குள் நுழைகிறது.

2017 ஒக்டோபரில் பேஸ்புக் கம்பனி இலங்கை, பொலிவியா, கம்போடியா, குவாத்தமாலா, சேர்பியா, சுலோவாக்கியா ஆகிய ஆறு நாடுகளில் ஒரு சோதனை நடத்தியது. பக்கங்கள் வெளியிடும் பதிவுகள், பணம் கட்டி விளம்பரமாக்கப்பட்டாலன்றி, வாசகரின் பிரதான வரிசையிலிருந்து அகற்றப்பட்டு, 'எக்ஸ்புளோர்' என்ற புறப்பகுதிக்குத் தள்ளப்பட்டன. பணம் கட்டியவனுக்குப் பெருவீதி, கட்டாதவனுக்கு ஒழுங்கை! சுலோவாக்கியாவின் பெரும் ஊடகப் பக்கங்களுக்குக் கிடைத்த வாசகர் எதிர்வினை நான்கிலொன்றாகச் சுருங்கியதை அந்நாட்டுப் பத்திரிகையாளர் பிலிப் ஸ்ட்ருஹார் எடுத்துக்காட்டினார். பெரியோர் நிலையே இதுவாயின் சிறியோர் நிலையை என்னென்பது?

அக்காலத்து வன்னியை நினைத்துப் பார்ப்போம். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியிலும், மார்ச் 8 முதல் முல்லைத்தீவிலும், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்திற் போராடிக்கொண்டிருந்தனர். கேப்பாப்புலவு மக்கள் தம் காணிகளைக் கேட்டுக் கொண்டிருந்தனர். இத்தகைய செய்திகளைச் சுமக்கும் சிறு பக்கங்களுக்கு விளம்பரப் பணம் ஏது? தாய் பிடித்து நின்ற படம் ஏன் பிறர் கண்ணிற் படவில்லை என்பதை, அதை வெளியிட்டவன் அறிய வழியில்லை. மக்கள் மனம் மரத்துவிட்டது என்றே அவன் எண்ணியிருக்கக்கூடும்.

2018 மார்ச் 1ஆம் திகதி சோதனை கைவிடப்பட்டது. முக்கியமான செய்திகளை மக்கள் அடைவது கடினமாயிற்று எனத் தமக்குக் கருத்துகள் வந்ததையும், சோதனை தெளிவாக அறிவிக்கப்படவில்லை எனக் கூறப்பட்டதையும் கம்பனியே ஒப்புக்கொண்டது. அதே மாதம், கண்டி மாவட்டத்து வன்செயலை அடுத்து, அரசாங்கம் பேஸ்புக்கைச் சில நாட்கள் முடக்கியது. அந்தத் தடை எல்லோர்க்கும் தெரிந்தது. அதை ஆதரித்தும் எதிர்த்தும் பேச முடிந்தது. மறைந்திருக்கும் ஆளியை எதிர்த்து எவர் பேசுவார்?

'இலவசமாகத் தருபவனுக்குச் சோதிக்கவும் உரிமை உண்டு' என வாதிடுவோர் உளர். இலவசம் என்பது பொய். எம் கவனத்தை விற்றே அக்கம்பனி பொருளீட்டுகிறது. அன்றியும், ஆளிகளை உண்டாக்கியவர்களே அவற்றை முற்றாக அறிந்தவர்கள் அல்லர். 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி, அமெரிக்கப் பங்குச் சந்தையின் நைற் கப்பிட்டல் கம்பனி ஒரு பழைய கொடியைப் புதிய வேலைக்கு உபயோகித்தது. எட்டுக் கணினிகளுள் ஒன்றிற் புதிய நிரல் ஏற்றப்படவில்லை. அதில் பல்லாண்டு உறங்கிய பழைய நிரல் விழித்தெழுந்தது. ஏறத்தாழ 45 நிமிடத்தில் 440 மில்லியன் டொலர் அழிந்தது. முதலாளியின் பணம் போயிற்று. விசாரணை நடந்தது, தண்டமும் விதிக்கப்பட்டது. ஏழையின் குரல் அமிழ்ந்தபோது விசாரித்தவர் யார்?

தமிழ் கற்றோர்க்கு இப்பிரச்சினை புதிதன்று. ஏடுகளை அச்சேற்றிய பதிப்பாசிரியர் முன்னும் ஒரு செய்யுளுக்குப் பல பாடங்கள் கிடந்தன. உ. வே. சாமிநாதையர் ஒன்றை மூலத்திற் கொண்டு, ஏனையவற்றைப் பிரதிபேதங்களாகக் காட்டினார். தான் படிப்பது பல பாடங்களுள் ஒன்றே என்பதை வாசகன் அறிந்தான். விரும்பினால் ஆசிரியரை மறுத்தான். தெரிவு செய்யும் அதிகாரத்தை அவர் கைவிடவில்லை, அதை ஒளிக்கவுமில்லை.

நாம் கேட்பதும் அந்த நேர்மையைத்தான். ஒவ்வோர் ஆளிக்கும் பெயரும், நோக்கமும், முடிவுத் திகதியும் இருக்கவேண்டும். எம்மீது சோதனை நடக்கும்போது, எம் மொழியிலே எமக்கு அறிவிக்கவேண்டும். மறுக்கும் உரிமை தரவேண்டும். விஞ்ஞானத்தை மக்கள் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் தம் வீட்டு விளக்கை அணைப்பவர் யார் என்று கேட்க அவர்களுக்கு உரிமையுண்டு. அக்கேள்வியைக் கற்பிப்பது எம் கடமை.