புதுக் கோப்புக்கு மட்டும் ஒரு விதி

ஆரக்கிள் 10ஜி-யோடு வந்த சேமிப்பக மேலாண்மை வசதியான ஏஎஸ்எம்மில், ஒரு கோப்புக்கு எத்தனை பிரதி, எந்த அளவுத் துண்டு என்பதைச் சொல்வது டெம்ப்ளேட். டிஸ்க் குரூப் உருவாகும்போதே கோப்பு வகைக்கு ஒன்றாக இவை வந்துவிடும். குரூப்புகள் பிரதிக் கணக்கில் எக்ஸ்டர்னல், நார்மல், ஹை என வகைப்படும். நார்மல் குரூப்பில் டேட்டா ஃபைலுக்கு இரண்டு பிரதி, கன்ட்ரோல் ஃபைலுக்கு மூன்று.

அதற்கு மேல் நாமே ஒன்றைச் சேர்க்க ஒரே கட்டளை போதும். முக்கியமான ஒரு டேபிள்ஸ்பேஸை மட்டும் மூன்று பிரதியாக வைக்கத் தனி டிஸ்க் குரூப் தேவையில்லை. குரூப் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் டெம்ப்ளேட் பெயரைக் கொடுத்துக் கோப்பை உருவாக்கினால் ஆயிற்று. டிஸ்க்குகளைக் கூறுபோட்டு, ஒரு குரூப் நிரம்பி வழிய இன்னொன்று காலியாகக் கிடக்கும் தொல்லை இதில் இல்லை. ஆனால் இந்தச் சலுகை நார்மல் குரூப்போடு சரி. எக்ஸ்டர்னலில் பிரதியே கிடையாது. ஹையில் மூன்றைக் குறைக்க முடியாது.

பெரிய குறை வேறு. டெம்ப்ளேட்டை மாற்றினால் இனி உருவாகும் கோப்புகள் மட்டுமே மாறும். பழையவை பழைய பிரதிக் கணக்கோடு அப்படியே இருக்கும். டெம்ப்ளேட் பட்டியலில் 'ஹை' என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கும் நிர்வாகி, பாதுகாப்பு இல்லாத இடத்தில் அது இருப்பதாக நம்புகிறார். பழைய கோப்புக்கும் அந்தப் பிரதிக் கணக்கு வேண்டுமென்றால் அதை மறுபடி எழுதித்தான் ஆக வேண்டும். 12சி-யில் டேட்டா ஃபைலை ஓடும்போதே நகர்த்தும் வசதி வந்தது ஓரளவு ஆறுதல்.

இடத்தை மிச்சம்பிடிக்க, பிரதியே எடுக்காத 'அன்புரொடெக்டட்' டெம்ப்ளேட் போடுவது இன்னும் மோசம். கோப்பு குரூப்பின் எல்லா டிஸ்க்குகளிலும் பரவியிருப்பதால், எந்த ஒரு டிஸ்க் போனாலும் அந்தக் கோப்பு ஓட்டையாகிவிடும்.

மற்றப் பண்புகளுக்காக மெனக்கெடுவது வீண். ரீடூ லாகுக்கு 10ஜி-யில் இயல்பாக இருந்த 128 கேபி துண்டை 11.2-இல் ஆரக்கிளே கைவிட்டது. அதே 11.2-இல் வந்த 'ஹாட்', 'கோல்ட்' இடஒதுக்கீடும் 12.2-இல் ஓரங்கட்டப்பட்டது.

டெம்ப்ளேட் குரூப்புக்குச் சொந்தம், தரவுத்தளத்துக்கு அல்ல. ஒரு தரவுத்தளத்துக்காக இயல்பு டெம்ப்ளேட்டைத் திருத்தினால், அந்தக் குரூப்பைப் பகிரும் மற்றவையும் சேர்ந்து மாட்டும். 12.2-இன் ஃப்ளெக்ஸ் குரூப் இந்த இரண்டு குறைகளையும் கவனித்தது. அங்கே கோப்புகளின் தொகுப்பான ஃபைல் குரூப் ஒரு தரவுத்தளத்துக்கே உரியது. பிரதி எண்ணிக்கையைப் பிறகு மாற்றினாலும் டிஸ்க்குகளில் தரவை மறுபடி பரப்பும் ரீபேலன்ஸ் வழியாகப் பழைய கோப்புகளுக்கும் அது போய்ச் சேரும். பழைய நார்மல் குரூப்பையே வைத்திருப்பவர்கள் இயல்பு டெம்ப்ளேட்டுகளைத் தொடாமல், பிரதியைக் கூட்டுவதற்கு மட்டும் புதிதாகச் சேர்க்கலாம். உண்மை நிலவரத்துக்கு டெம்ப்ளேட் பட்டியலைப் பார்க்காமல், வி-டாலர் ஏஎஸ்எம் ஃபைல் வியூவில் ரிடன்டன்சி பத்தியைப் பார்க்க வேண்டும்.